படத்தை நிறுத்திவிட்டீர்கள்; பிள்ளைகளோடு இனி யார் பேசுவது?

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தரம் 10, 11 மாணவர்களுக்காக எங்கள் சனசமூக நிலையத்தின் திரைப்பட வட்டம் பாடசாலை மண்டபத்தில் ஒழுங்கு செய்திருந்த படக்காட்சி, தங்கள் பணிமனையிலிருந்து முதல்நாள் மாலை அதிபருக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்போடு நின்றுபோனதைத் தாங்கள் அறிவீர்கள். அனுமதி எழுத்தில் வந்தது. தடை வாய்வார்த்தையில் வந்தது. படம் தற்கொலையைப் பற்றியது, ஒரு தாயைத் தவறானவளாகக் காட்டுகிறது, பரீட்சை நெருங்கும் வேளையில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் எதற்கு என்பவையே காரணங்கள் என அதிபர் வழியாக அறிந்தோம். அந்தத் தடையை நீக்கி, படத்தைக் காட்ட எழுத்து மூலம் மீண்டும் அனுமதி தரும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். வலயத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். வன்னியின் எந்த வலயத்தில் இந்தப் படத்துக்கு அனுமதி கேட்டிருந்தாலும் இதே தொலைபேசி அழைப்புத்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

படத்தைப் பார்க்காமலே தடுத்திருக்கிறீர்கள் என்று தெரிவதால், கதையை அதன் முடிவோடு சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். எதோ மோரி என்னும் யப்பானிய எழுத்தாளர் 1998இல் வெளியிட்ட நாவலைக் கொண்டு கெயிச்சி ஹாரா 2010இல் இயக்கிய ‘கலர்ஃபுல்’ என்ற அசைவூட்டத் திரைப்படம் அது. தான் யார் என்ற நினைவே இல்லாத ஓர் ஆன்மா, மறு உலகத்தின் வாசலில் நிற்கிறது. புராபுரா என்னும் சிறுவன் அதை மறித்து, குலுக்கலில் பரிசு விழுந்தவரிடம் சொல்வதைப் போல, உனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்று அறிவித்து, தன் உயிரை மாய்க்க முயன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் மகோதோ என்ற 14 வயதுப் பையனின் உடலுக்குள் அனுப்பிவைக்கிறான். ஆறு மாதத்துக்குள், தான் முன்னர் செய்த பெரும்பிழை எதுவென்று அந்த ஆன்மா கண்டறிய வேண்டும். தாயின் மேல் மகோதோவுக்குத் தாங்க முடியாத வெறுப்பு. தந்தையோடும் அண்ணனோடும் ஒட்டுதல் இல்லை. வகுப்பில் கடைசி இடம், கூடப் பேச ஒருவரும் இல்லை. அவனுக்கு வருவது ஓவியம் ஒன்றுதான். முடிவில் தெரியவருவது, அந்த ஆன்மா செய்த பிழை ஒரு கொலை என்பதும், அது கொன்றது தன்னையே என்பதும், வேறொருவனுடையது என்று நினைத்து அது வாழ்ந்துகொண்டிருந்தது தன் சொந்த வாழ்க்கையைத்தான் என்பதும். தற்கொலையைப் புகழும் படம் என்று இதைச் சொல்ல, முதற் பத்து நிமிடத்தோடு எழுந்துபோனவராலும் முடியாது.

அந்தப் பையனை மீட்பது எது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெரிய உபதேசம் ஒன்றும் அதில் இல்லை. படிப்பில் அவனைப் போலவே பின்தங்கிய சவொதொமே என்ற வகுப்புத் தோழன், கடை வாசலில் நின்று ஓர் அவித்த பணிஸைப் பிய்த்து இவனோடு பங்கிடுகிறான். மலிவான சப்பாத்து எங்கே வாங்கலாம் என்று கூட்டிப்போகிறான். எப்போதோ ஓடி நின்றுபோன ரயில் பாதையின் தடத்தைத் தேடி இருவரும் நடக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு, வீட்டார் தேடித் தந்த நல்ல பள்ளியை மறுத்து, சவொதொமேயோடு சேர்ந்து சாதாரணப் பள்ளி ஒன்றுக்குப் படிக்கப் போக வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் அழுதுகொண்டே சொல்லும் அளவுக்கு அவனுக்கு வாழ்க்கையில் ஒரு விருப்பம் வந்துவிடுகிறது. எங்கள் மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கிற பிள்ளை பார்க்க வேண்டியது இந்தக் காட்சியை.

கார்ட்டூன் என்ற சொல்லைப் பற்றி ஒன்றைச் சொல்லிக் கடந்துபோகிறேன். இதே இயக்குநர்தான், தங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் தமிழ்க் குரலில் பார்த்துச் சிரித்திருக்கக்கூடிய ஷின்சானின் திரைப்படங்கள் சிலவற்றை இயக்கியவர். அசைவூட்டப் படங்களுக்கென்றே பிரான்சின் அன்னசி நகரில் நடக்கும் விழாவில் 2011இல் ‘கலர்ஃபுல்’ பார்வையாளர் விருதையும் நடுவர்களின் சிறப்புக் கணிப்பையும் பெற்றது. சித்திரமாக வரைந்திருப்பதால் அது சிறுபிள்ளை விளையாட்டு என்றால், சித்திரத்தை ஒரு பாடமாகப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் திணைக்களத்துக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

சென்ற தவணையில் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை இழந்தோம். யார், எங்கே, எப்படி என்பதை எழுதமாட்டேன். அவற்றை எழுதக் கூடாது. தாங்களும் அறிந்ததுதான். காலைக்கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம், பிறகு இடாப்பில் பெயரின் மேல் ஒரு கோடு. இதைப்பற்றி வகுப்பில் பேச வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள் என்று தாங்கள் நம்புகிறீர்களா? அவர்கள் கழிப்பறைச் சுவருக்குப் பின்னாலும், மேலதிக வகுப்புக்குப் போகும் வழியிலும், இரவிரவாகக் கைபேசியிலும் பேசினார்கள். பெரியவர் ஒருவரும் அந்தப் பேச்சில் இல்லை.

பேச விரும்பும் பிள்ளைக்கு ஆலோசனை அறை இருக்கிறது என்று தங்கள் பணிமனை சொல்லும். அந்த அறையை நான் விவரிக்க அனுமதியுங்கள். அதிபரின் அலுவலகத்துக்குப் பின்னால் களஞ்சிய அறையைப் பலகைத் தட்டியால் இரண்டாக மறித்து உண்டாக்கிய இடம் அது. தட்டி கூரை வரை எட்டுவதில்லை. அப்பால் எழுதுவினைஞர் தொலைபேசியில் பேசுவது இப்பால் தெளிவாகக் கேட்கும், ஆகவே இப்பால் பேசுவதும் அவருக்குக் கேட்கும். உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, மூலையில் விளையாட்டுப் போட்டிக்கு இல்லங்கள் கட்டிய கம்புகளும் பழைய வினாத்தாள் கட்டுகளும். வாசலில் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. வாசலுக்கு நேரெதிரே தண்ணீர்க் குழாய். இடைவேளையில் போத்தலோடு அங்கே வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும், இந்தக் கதவைத் திறந்துகொண்டு யார் போகிறார் என்பதைப் பார்ப்பார்கள். போய்த் திரும்புகிற பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் ஆயத்தமாக இருக்கும். பாடசாலை விடுவதற்குள் தாய்க்கும் செய்தி போய்விடும். ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை நல்லவர், பயிற்சி பெற்றவர். ஆனால் அவருக்குப் புவியியல் பாடவேளைகள் நிறைய. வராத ஆசிரியர்களின் வகுப்புகளையும் அவரே பார்க்கிறார். அறையின் திறப்பு, விளையாட்டுப் பொருள்கள் உள்ளே இருப்பதால், எழுதுவினைஞரிடம் இருக்கிறது. மனம் உடைந்த ஒரு பிள்ளை முதலில் எழுதுவினைஞரிடம் போய்த் திறப்புக் கேட்க வேண்டும்.

இந்த நிலையில்தான் படம் ஒன்றைக் காட்ட நினைத்தோம். மண்டபத்தின் இருட்டில் நூறு பேரோடு ஒருவராக இருந்து பார்க்கிற பிள்ளை, எந்தக் கதவையும் எல்லோர் முன்னிலையிலும் திறக்க வேண்டியதில்லை; தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லாமலே, தன் நெஞ்சுக்குள் இருப்பதை வேறொருவன் அனுபவித்து அதிலிருந்து மீள்வதைக் கண்டுகொள்ளலாம். வன்னியில் இப்போதைக்கு அப்படி ஒரு மறைவைப் பிள்ளைக்குத் தரக்கூடிய இடம் அந்த இருட்டு மட்டுமே. அதைத்தான் தாங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஏற்பாடு இல்லாமலும் நாங்கள் இறங்கவில்லை. பெற்றோரின் ஒப்பக் கடிதங்கள் அதிபரிடம் இருக்கின்றன. பழைய மாணவர்கள் இராக்கண் விழித்துத் தமிழில் துணைத்தலைப்பு எழுதியிருந்தார்கள். படம் முடிந்ததும் பேசுவதற்கு மருத்துவமனையின் உளநலப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வர இணங்கியிருந்தார். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ வெண்பலகையில் எழுதிவைப்பதாகவும் இருந்தது. இதை வாசிக்கும் எவருக்கேனும் தேவைப்பட்டால், அந்த இலக்கத்துக்கு இப்போதே அழைக்கலாம். ஏற்பாட்டில் குறையிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம்.

தற்கொலையைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்பது பழைய அச்சம். அக்கறையோடு கேட்பது அப்படி ஊட்டுவதில்லை என்பதையே உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவருகிறது. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஒஸ்திரியாவைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, நெருக்கடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த காலங்களில் தற்கொலை குறைந்திருந்ததைக் கண்டு, அதற்குப் பாபகேனோ விளைவு என்று பெயரிட்டது. மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்றில், காதலியை இழந்து உயிரைவிடத் துணியும் பாபகேனோவுக்கு வேறு வழி உண்டென்று நினைவூட்டுவது மூன்று சிறுவர்கள், பெரியவர்கள் அல்ல. இலங்கையிலே 1995 அளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலைகள் என்றிருந்த நிலை பின்னர் வெகுவாகக் குறைந்ததற்கு, கொடிய நச்சு கொண்ட விவசாய மருந்துகளைத் தடைசெய்தது பெருங்காரணம். மருத்துவர்களும் அதிகாரிகளும் வெட்கப்படாமல் இதைப் பேசியதால்தான் அந்தத் தடையும் வந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவையும் 1998இல் நாடு நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்டதைத் தங்கள் பணிமனை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறது.

தாய் பற்றிய ஆட்சேபம் எனக்கு வேதனை தந்தது. படத்தில் தாய் தவறு செய்கிறாள். மகன் அவளைக் குரூரமாகத் தண்டிக்கிறான். பிறகு அவளையும் தன்னைப் போலத் தடுமாறும் ஒருத்தியாகக் காணக் கற்றுக்கொள்கிறான். இதில் எந்தப் பண்பாடு கெடுகிறது? இன்று சாதாரண தரத்தை எட்டியிருக்கும் எங்கள் பிள்ளைகள் 2009, 2010இல் பிறந்தவர்கள்; சிலர் செட்டிக்குளத்து மெனிக்பாம் முகாமின் கூடாரங்களில் பிறந்தார்கள். தந்தை இல்லாத வீடுகள், தாய் மத்திய கிழக்கில் உழைக்கும் வீடுகள், நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்ற வீடுகள் ஆகியவற்றிலிருந்து அவர்கள் வருகிறார்கள். தாயைப் பற்றி ஊர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே சீருடை போடுகிற பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள். வன்னி மக்களுக்கு நேர்ந்த கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே ஆய்வு எழுதினார். அந்த வடுவுக்குள் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது பரீட்சை மண்டபத்தில் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பதோ, திறப்பு எழுதுவினைஞரிடம் உள்ள ஓர் அறை.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பிள்ளை இறந்த மறுமணி நேரத்தில் அதன் படத்தையும் வீட்டின் படத்தையும், எப்படி நடந்தது என்ற விவரத்தையும் வெளியிடும் செய்தித் தளங்கள் வடக்கில் இருக்கின்றன. காதல் தோல்வி என்று தீர்ப்பும் அவையே எழுதும். அவற்றை எங்கள் மாணவர்கள் ஒருவர் தவறாமல் பார்த்தார்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, எந்தப் பணிமனையிலிருந்தும் அழைப்பு வரவில்லை. மீண்டு வருகிற ஒரு பையனின் கதைக்குத்தான் அனுமதி வேண்டியிருக்கிறது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தோடு பாடசாலை வாசலில் ஆளுயரப் பதாகை கட்ட நாம் எவரும் தயங்குவதில்லை. மூன்று பாடத்தில் சித்தியடையாமல் வீட்டுக்குப் போகப் பயந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் சொல்ல நம்மிடம் ஒரு வரி கிடையாது. பெறுபேறுகள் வெளியாகும் இரவில் தங்கள் பணிமனையில் விகிதாசாரம் கணிக்க ஆட்கள் இருப்பார்கள் என்று அறிகிறேன். அன்றிரவு ஒரு பிள்ளை அழைத்தால் தொலைபேசியை எடுக்க யார் இருப்பார்?

இந்தக் கேள்வியில் கடுமை இருந்தால் பொறுத்தருளுங்கள். தங்கள் மேசையில் ஆசிரியர் வெற்றிடங்களும், கூரையில்லாத வகுப்பறைகளும், கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகளும் குவிந்திருப்பதை நாங்கள் அறிவோம். ஆலோசனை அறையை நாளைக்கே இடம்மாற்றித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. ஒரு மண்டபத்தை ஒரு பிற்பகல் தரும்படிதான் கேட்கிறோம்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். தரம் 11 மாணவர்களுக்குப் பரீட்சை விடுமுறை தொடங்குவதற்கு முன்னர் இந்தப் படத்தைக் காட்ட அனுமதி தாருங்கள். அதற்கு முன்பு தாங்கள் பார்க்க விரும்பினால், கணினியும் படமுமாகத் தங்கள் பணிமனைக்கு வந்து காட்ட எங்கள் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஓடும் நேரம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றே கூட. காட்சியன்று தாங்களும் வந்து பிள்ளைகளோடு இருந்தால் மகிழ்வோம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், தங்கள் கையொப்பத்தோடு தாருங்கள். அதிபரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டாம். ஒப்பக் கடிதம் தந்த பெற்றோருக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் அவராகிவிடுகிறார்.

நன்றி.

இப்படிக்கு,
திரைப்பட வட்டத்தின் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வன்னி.