கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துத் தந்தவருக்கு

திருகோணமலையில் வெள்ளத்தின்போது என்ன நடந்தது என்பதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். சேற்றோடு சேர்த்து எங்கள் பயிற்சிப் பொருட்களையும் அள்ளி வெளியே கொட்டிய பிறகு, பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்களுக்கான கைப் பயிற்சி நின்றே போகும் என்று பயந்தோம். நிற்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி நகரத்தில் படங்களுக்குப் பிறேம் போடும் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் அவரிடம் கேட்டது வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை மட்டுமே. முகம் பார்க்கும் கண்ணாடியை மேசை நடுவே நிறுத்தி, செயலிழந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை, வராத கைதான் அசைகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. துண்டித்த கை இன்னும் வலிக்கிறது என்று தவித்தவர்களுக்காக சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கியவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன். அந்த ஆய்வுக் கட்டுரை 1996இல் வந்தது. பாரிசவாதக் கைக்கும் இது உதவுமா என்று பார்த்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு, கை அசைவும் அன்றாட வேலைகளும் முன்னேறுகின்றன என்று சொல்கிறது. வழமையான பயிற்சியோடு சேர்த்துச் செய்யத்தான் இது. நல்ல கைக்கு உறை மாட்டி வராத கையைப் பழக்கும் அலபாமா முறையைப் பலர் கேட்கிறார்கள். அதற்கு மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர வேண்டும். ஒரு விரலும் அசையாதவருக்குக் கண்ணாடிதான் தொடக்கம்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு துண்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தபடி, "பின்னால வைக்கிற கைக்கு உணர்ச்சி இருக்குமோ?" என்றார். பலருக்கு இருக்காது என்றோம். "அப்ப வெட்டினாலும் தெரியாதே" என்று துண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இந்தத் துறையின் பெரிய பாடம் ஒன்று அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் போல் பிராண்ட் தொழுநோயாளரின் கைகளைப் பார்த்துக் கண்டதும் இதுதான்: விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் போய்ப் புண்ணாகி அழிகின்றன. அவரிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். அவர்கள் கற்றுத் தந்ததை, பிறேம் கடையில் நிற்கும் ஒருவர் விளிம்பைத் தொட்டே கண்டுகொண்டார்.

நான்கு ஓரங்களையும் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மூலைகளை உருட்டி, உடைந்தாலும் சிதறாதபடி பின்பக்கம் முழுவதும் ஒட்டுத்தாள் ஒட்டித் தந்தார். மெல்லிய கண்ணாடி வளைந்து கையைக் கோணலாகக் காட்டும், கோணலாகத் தெரிந்தால் மூளை நம்பாது. அதற்காக 4 மில்லிமீற்றர் கண்ணாடியையே தெரிந்தெடுத்தார். அளவு 18 அங்குல நீளம், 14 அங்குல உயரம். மேல் ஓரத்தில் பிணைச்சல் போட்டு 17 அங்குலப் பலகை ஒன்றைப் பின்னால் சாய்த்து, அடியில் ஒன்பதரை அங்குலத்துக்கு மேல் விரியாதபடி கயிறு கட்டினார். அப்போதுதான் கண்ணாடி நேர்குத்தாக நிற்கும். அந்த இடைவெளிக்குள் முன்னங்கை முழுவதும் மறையும். முன்பக்கம் சரியாமல் இருக்க, பலகையின் அடியில் மணல் பை ஒன்று.

அந்த மணல் பைகளைத் தைத்துத் தந்த கிண்ணியாச் சகோதரிகளுக்கும், மூதூரிலிருந்து நோயாளிகளை ஏற்றி இறக்கிக் கூலி வாங்காத முச்சக்கரவண்டித் தம்பிமாருக்கும், மண்டபக் கதவைத் திறந்துவிட்ட கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், கடமை முடிந்த பிறகும் வீடு வீடாக வந்த தாதியருக்கும், பயிற்சிக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதித் தந்த ஆசிரியைக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

கண்ணாடி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல கையில் இருக்கும் மோதிரம், காப்பு, மணிக்கூடு, கோயில் நூல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நோயுற்ற கையில் இல்லாத ஒன்று பிம்பத்தில் தெரிந்தால் அது 'என் கை' என்ற எண்ணம் வராது. வெளிச்சம் நல்ல கையின் பக்கம் விழட்டும். மறைந்திருக்கும் முன்னங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள், தோள் தொங்கக்கூடாது. விரலை மடக்கி விரிப்பது, மணிக்கட்டை உயர்த்துவது, உள்ளங்கையைத் திருப்புவது என்று மெதுவாகத் தொடங்குங்கள். மறைந்த கையும் முடிந்தவரை முயலட்டும். ஒரு தடவைக்கு 15 முதல் 30 நிமிடம், கிழமையில் ஐந்து நாள், குறைந்தது நான்கு கிழமை. வேகமாகச் செய்தால் கண் பிம்பத்தை விட்டுவிடும். பிறகு அது நல்ல கைக்கான பயிற்சியாகிவிடும். தலைசுற்றினாலோ குமட்டினாலோ கண்ணாடியை மூடிவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். சிலருக்கு அழுகை வரும். அருகில் இருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

சீனி வருத்தத்தால் கால் எடுக்கப்பட்டு, இல்லாத பாதம் எரிகிறது என்று சொல்பவர்களுக்கும் நீளக் கண்ணாடி வெட்டித் தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணாடிகளையும் விளிம்பைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வீட்டுக்கும் அனுப்பமாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். பயிற்சி முடிந்தவர்கள் கண்ணாடியைத் திருப்பித் தாருங்கள், அடுத்த வீடு காத்திருக்கிறது. கீறலோ ஒட்டுத்தாள் கழன்ற இடமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் கடைக்குப் போய்ச் சரிசெய்த பிறகே அது அடுத்தவர் மேசைக்குப் போகும்.