முருங்கைக் கொம்பு கொண்டுவந்த அக்காவுக்கும், உங்கள் எல்லாருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர், சபைப் போதகராக இருந்த ஐயர், கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த வாரத்தோடு 11 மாதம் ஆகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வந்தால் உங்களைப் பார்த்ததும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. செய்ததை வெளியே சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் உங்களில் பாதிப் பேர்.

24 வருஷத்தில் 6 சேகரம், அதாவது ஒரு போதகர் பொறுப்பில் இருக்கிற சபைகள், பார்த்துவிட்டோம். மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டுவது எனக்குப் பழகின வேலை. லாரி போய் நிற்கிற இடத்தில் சபையார் காத்திருப்பார்கள், யாராவது சோறு ஆக்கி வைத்திருப்பார்கள், ஜெபம்பண்ணிவிட்டு, ஐயருக்குச் சபை கொடுக்கிற வீடான குருமனைக்குள் நுழைவோம். இந்தத் தடவை உத்தரவு எதுவும் இல்லை. அடுத்த ஐயர் குடும்பம் வர வேண்டும், அது நியாயம்தான். நான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யார் வாசலில் போய் இறங்குவது என்பதுதான் தெரியவில்லை.

முதல் நன்றி கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்குட்டியார் அண்ணாச்சிக்கு. குருமனையில் கட்டில், மேஜை, பீரோ எல்லாம் கோவில் சொத்து. எது கோவிலுடையது, எது எங்களுடையது என்று பிரிக்க வேண்டிய அன்றைக்கு என் கைகால் ஓடவில்லை, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் அவராகவே எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினார். ஐயருடைய பிரசங்க நோட்டுகளை மட்டும் லாரியில் ஏற்றவில்லை. ஓலைப் பெட்டியில் அடுக்கி, அந்தச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கார பாய்க்கும் அவர் வீட்டம்மாவுக்கும் நன்றி. அட்வான்ஸை மூன்று தவணையாக வாங்கிக்கொண்டார்கள். குடிவந்த அன்று ராத்திரி சாப்பாடும் அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. சோறு ஆக்கி வைத்து யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் லாரியில் ஏறியிருந்தேன்.

உங்கள்மேல் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11-ஐ எனக்கு 30 பேராவது சொல்லியிருப்பீர்கள். வாக்குத்தத்த அட்டையாக எத்தனையோ வீட்டுச் சுவரில் இருக்கிற வசனம். நானே எத்தனை துக்க வீடுகளில் அதைச் சொல்லியிருக்கிறேன்! உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் அது எனக்குள் இறங்கவில்லை. குடிவந்த மூன்றாம் நாள், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிய முருங்கைக் கொம்போடு பஸ் ஏறி வந்தார். "பின்னால கொஞ்சம் மண்ணு இருக்குல்லா, ஊனி வையுங்கம்மா" என்றார். வசனம் எதுவும் சொல்லவில்லை. பாயிடம் கேட்டுவிட்டு ஊன்றினோம். அன்று ராத்திரி அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன யூதா ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எரேமியாவோ 70 வருஷம் என்கிறார். அப்படியென்றால் போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் 5-ம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று எழுதுகிறார். நம் 11-ம் வசனம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அதுவரைக்கும் நான் அனனியா சொன்னதைப் போன்ற ஒரு நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், பழைய வாழ்க்கை எப்படியாவது திரும்பிவிடும் என்று. ஐயரை மறுபடியும் காண்பேன், உயிர்த்தெழுதலின் நாளில். அந்த நாள் வரைக்கும் நான் இங்கே குடியிருக்க வேண்டும், மண்ணைக் கொத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, வாரிசுச் சான்றிதழுக்காக என்னோடு தாலுகா ஆபீஸுக்கு நான்கு தடவை வந்தீர்கள். ஆட்டோவுக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை. பெரிய நன்றி.

வியாழக்கிழமை வீட்டு ஜெபக் குழுவில் இருக்கிறவர்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? 24 வருஷமாக மற்றவர்களுக்காகவே ஜெபித்துப் பழகின வாய் இது. எனக்காக என்று கேட்க அதற்கு வார்த்தை வரவில்லை. மூன்று மாதம் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஐயரம்மாவாக இருந்தவர் இப்படி இருக்கிறாரே என்று ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. முறை வைத்து எனக்காக நீங்கள் ஜெபித்தீர்கள். ஒருநாள் "கர்த்தாவே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். என் வாழ்க்கையில் நான் பண்ணின ஜெபங்களில் உண்மையானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோவிலில் எனக்கு இடம் விட்டு, பாமாலைப் புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தின பாட்டியம்மாவுக்கும் நன்றி. "எந்த ஊரும்மா?" என்று கேட்டீர்கள். 6 ஊரில் எதைச் சொல்வது என்று தெரியாமல் அழுதேன். மறு ஞாயிறும் என் இடத்தில் உங்கள் பையை வைத்துக் காத்திருந்தீர்கள். அப்புறம் ஒருநாள் நீங்கள்தான் என்னை பாப்பாத்தியம்மாள் கோவிலுக்குக் கூட்டிப்போனீர்கள். பாளையங்கோட்டையில் 1785-ல் குளோரிந்தா அம்மாள் கட்டின சின்ன ஆலயம். அவரும் கணவனை இழந்தவர், பிறந்த ஊரை விட்டு இங்கே வந்தவர். 1778-ல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1780-ல் எழுதின சபைப் பதிவில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. "பாரும்மா, நம்ம சபை ஒரு விதவையில இருந்துதான் தொடங்குது" என்றீர்கள். அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

கடைசியாக, இப்போது அந்தக் குருமனையில் இருக்கிற ஐயரம்மாவுக்கு. நீங்கள் வந்த புதிதில் உங்கள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது தங்கச்சி. அதைக் கர்த்தரிடம் சொல்லி அழுதிருக்கிறேன், உங்களிடமும் சொல்லிவிட வேண்டும். "அக்கா, நீங்க வச்ச பிச்சி பூத்திருக்கு" என்று போன் பண்ணி, பஸ்ஸில் வருகிறவர்கள் கையில் பூவைக் கொடுத்தனுப்பினீர்கள். அன்றையிலிருந்து உங்கள் வீட்டுக்காக, பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.

அடுத்த மாதம் ஐயருடைய ஆண்டு நினைவு ஜெபம் இந்த வீட்டில்தான். எல்லாரும் வர வேண்டும். முருங்கை காய்த்திருக்கிறது. சாம்பாருக்குப் போதும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஐயரம்மா