மில்ஃபர்ட் சாலை

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே.

நாங்கள் இங்கே டனீடினில் மகள் வீட்டில் சுகம். போன வாரம் மாப்பிள்ளை எங்களை மில்ஃபர்ட் சவுண்டுக்குக் கூட்டிப்போனார். நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில், செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் இடம் அது. டெ அனாவ் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினால், அப்புறம் சுமார் 120 கிலோமீட்டருக்கு மலையும் காடும்தான். நெடுஞ்சாலைத் துறையிலேயே காலத்தைக் கழித்த நீ பார்க்க வேண்டிய சாலை!

வழியில் ஹோமர் சுரங்கம். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். 1935-இல், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களைக் கொண்டு, கடப்பாரையும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கிய வேலை. குளிர்காலத்தில் வெயிலே எட்டாத பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். பனிச்சரிவில் மூன்று பேர் செத்தார்கள். நடுவில் உலகப்போர் வேறு. 1954-இல்தான் வண்டிகள் போயின. உள்ளே பூச்சு கிடையாது. வெட்டிய பாறை வெட்டியபடியே கறுத்து, நீர் கசிந்து நிற்கிறது. அந்த மனிதர்களை நினைத்து எனக்குப் பேச்சே வரவில்லை.

சுரங்க வாசலில் சிக்னலுக்காக நின்றபோது கியா என்ற மலைக்கிளி ஒன்று முன்கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, வைப்பர் ரப்பரைப் பிடித்து இழுத்தது. பச்சை உடம்பு, இறக்கைக்கடியில் ஆரஞ்சு நிறம். விரட்டினாலும் அசையவில்லை.

அந்தப் பக்கம் இறங்கியதும் மழை. ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடமாம். மழை விடட்டும் என்று காத்திருக்காதே, மழையில்தான் மில்ஃபர்ட். படகில் போகும்போது செங்குத்துப் பாறை முழுக்க நூற்றுக்கணக்கில் அருவிகள். மண்ணே இல்லாத பாறையில் பாசியைப் பற்றி, ஒன்றோடொன்று வேர் கோத்து மரங்கள் நிற்கின்றன. ஒன்று சாய்ந்தால் கீழே உள்ளதையும் இழுத்துக்கொண்டு சரிவு முழுக்க வழித்துப் போய்விடுமாம். அந்த மொட்டைத் தடங்களையும் பார்த்தேன்.

சரி, உன்னிடம் ஒரு சந்தேகம். சுரங்கம் கடல் பக்கமாகப் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிகிறது. மேலிருந்து கீழாகத் தோண்டியதால் உருகிய பனிநீரெல்லாம் உள்ளே தேங்க, பம்பு வைத்து இறைத்தபடியே வேலை பார்த்திருக்கிறார்கள். கீழிருந்து மேலாகத் தோண்டியிருந்தால் தண்ணீர் தானே வடிந்திருக்காதா? அந்தப் பக்கம் சாலை இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? விவரமாக எழுது.

அன்புடன்,
ராமு