நாலு பூனைக்கும் நாலு குணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சோறு வைத்தால் உன் தெருவிலிருக்கும் நாலு பூனையும் வரும். தொட விடுவது வேறு கணக்கு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனுஷக் கை பழகாத குட்டி, வளர்ந்தபின் வருஷக்கணக்கில் உன்னிடம் தின்றாலும் பத்தடி தள்ளியே நிற்கும். அதை நன்றியில்லாதது என்று நினைக்காதே, அதன் பயம் அப்படி. வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி காலைச் சுற்றுகிறதே செவலை, அது யாரோ வளர்த்துவிட்டுப் போனதாக இருக்கும்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். 4 கிலோ பூனைக்கு உலர்ந்த கேட் ஃபுட் ஒரு நாளைக்கு 50, 60 கிராம் போதும். இரண்டு வேளையாக வை. தட்டுகளை ஆறடி தள்ளித் தள்ளி வை. கன்னம் உப்பிய கடுவனுக்கு முதலில், ஒரு ஓரமாக. இல்லாவிட்டால் மற்றதை விரட்டிவிட்டு எல்லாத் தட்டிலும் வாய் வைக்கும். அரை மணியில் தட்டை எடுத்துவிடு. எறும்பும் காக்கையும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் பூனையைத்தான் திட்டுவார்கள். பால் வேண்டாம், பெரும்பாலான பூனைக்குப் பேதியாகும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பழக்கும்போது எதிரே நிற்காதே. பக்கவாட்டில் குந்தி உட்கார், உற்றுப் பார்க்காமல் மெல்லக் கண்ணை மூடித் திற. ஒரு விரலை அதன் மூக்கு உயரத்துக்கு நீட்டி அப்படியே வை. அதுவே வந்து விரலில் கன்னத்தைத் தேய்த்தால் அதன் கன்னம், தாடை, காதடி மட்டும் தடவு. மல்லாந்து வயிற்றைக் காட்டினாலும் கை வைக்காதே. வால் வெடுக்கென்று ஆடினால், காது பின்னால் மடிந்தால், முதுகுத்தோல் சுளித்தால் உடனே கையை எடு. அதற்கடுத்தது நகம்தான்.

கீறிவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வெறிநாய்க்கடி ஊசியை நாளைக்கென்று தள்ளாதே. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதே, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினையாகலாம், சுமார் 63 நாளில் ஈனும். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போட்டால் கூட்டம் பெருகும், குட்டிகள்தான் சாகும். ஆபரேஷன் ஆன தெருப்பூனைக்கு அடையாளமாகக் காது நுனியை நேராக வெட்டியிருப்பார்கள். அந்த வரிப்பூனையின் காதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

அம்மா