வேட்பாளரிடம் பதிவேட்டைப் பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழர்களுக்கு,

வணக்கம். வேட்பாளர் கூட்டத்தில் மைக் கைக்கு வந்ததும், "பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைச் சீர்திருத்துவீர்களா?" என்று கேட்டால் காரியம் கெட்டது. (பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் தங்கள் விவரங்களைக் காவல்துறையிடம் பதிந்துவர வேண்டிய பட்டியல்தான் அது.) "பிள்ளைகளின் பாதுகாப்புதான் எனக்கு முக்கியம்" என்பார். கைதட்டல் எழும், மைக் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஒருவர் பெயர் எத்தனை ஆண்டு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு ஆடம் வால்ஷ் சட்டம் 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் என்று மூன்று படிகளை வகுத்தது. சில குற்றங்களுக்கு 14 வயதுச் சிறுவரையும் சேர்த்தது. அதன்படி நடக்காத மாநிலத்துக்குக் காவல்துறை மானியம் ஒன்றில் 10 விழுக்காடு வெட்டு விழும், அவ்வளவுதான். பல மாநிலங்கள் இன்றும் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆகவே "வாஷிங்டன் சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்று சட்டமன்ற வேட்பாளர் கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குறியிடுவதும், வெளிநாட்டுப் பயணத்துக்கு 21 நாள் முன்னறிவிப்புக் கேட்பதும் மட்டும் காங்கிரஸ் வேட்பாளருக்கான கேள்விகள்.

பதிவேட்டில் உள்ளவர் பள்ளி போன்ற இடங்களிலிருந்து இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்ற வசிப்பிடத் தடை பல இடங்களில் உள்ளூர் விவகாரம். ஃபுளோரிடா மாநிலச் சட்டம் 1,000 அடி என்றது. மயாமி-டேட் கவுண்டி அதை 2,500 அடியாக்கியது. வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் ஜூலியா டட்டில் பாலத்தடியில் குடியேறினார்கள். அயோவாவின் 2,000 அடி விதியை மாற்றச் சொன்னது குற்றவாளிகளின் வக்கீல்கள் அல்ல; 2006இல் அம்மாநில அரசு வழக்கறிஞர்களின் சங்கமே சொன்னது. தடைக்குப் பயந்து ஆட்கள் தலைமறைவாகிறார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் குறைகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2009இல் அந்த விதி சுருக்கப்பட்டது. அடிக்கணக்கு ஒருவர் எங்கே தூங்குகிறார் என்பதை மட்டும்தான் அளக்கிறது. காவல்துறைக்கு வந்த புகார்களை ஆராய்ந்த மத்திய நீதி அமைச்சகப் புள்ளிவிவர அறிக்கை ஒன்றில் (2000), சிறாரைப் பாலியல் ரீதியாகத் தாக்கியவர்களில் முன்பின் தெரியாதவர்கள் 7 விழுக்காடுதான். மற்றவர்கள் உறவினர், அறிந்தவர்.

"80 விழுக்காட்டினர் மறுபடி செய்வார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த ஆய்வு என்று கேளுங்கள். 2002இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறி ஊரெங்கும் பரவிய இந்த எண், ஒரு வெகுஜன உளவியல் இதழில் ஆதாரமில்லாமல் எழுதப்பட்ட ஒரு வரியிலிருந்து பிறந்தது. அதே அமைச்சகத்தின் 2019 அறிக்கைப்படி, 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையான பாலியல் குற்றவாளிகளில் 9 ஆண்டுகளுக்குள் அதே வகைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் 7.7 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணையும் கொடிபோல ஆட்ட வேண்டாம். இது கைதுக் கணக்கு. புகாராகாத குற்றங்கள் இதில் இல்லை. வேட்பாளர் அதைச் சுட்டிக்காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தனியே ஒன்று. 1947 முதல் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆயுள்பதிவு என்றிருந்தது, 2021இலிருந்து 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்றானது. காலம் முடிந்தால் பெயர் தானாக நீங்கிவிடாது. மேல்நிலை நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும், அதன் நகலைக் காவல்துறைக்கும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கும் (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) கொடுக்க வேண்டும். அட்டர்னி எதிர்த்தால் விசாரணை நடக்கும். ஆகவே அந்தப் பதவிக்கு நிற்பவரிடம், "எந்த மனுக்களை எதிர்ப்பீர்கள், எவற்றை விட்டுவிடுவீர்கள்? அதற்கு எழுத்தில் விதிமுறை உண்டா?" என்று கேளுங்கள்.

ஷெரிஃப் வேட்பாளரை யாரும் கேட்பதே இல்லை. கலிஃபோர்னியாவில் பதிவேட்டில் உள்ளவர் ஆண்டுதோறும் பிறந்தநாளை ஒட்டி 5 வேலைநாளுக்குள் நேரில் பதிய வேண்டும், வீடில்லாதவர் 30 நாளுக்கொரு முறை. தவறினால் அதுவே புதுக் குற்றம். ஷெரிஃபின் பதிவு அலுவலகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.