இடக்கையில் இல்லாத தசைநாண்

அன்பு மகளுக்கு,

போன வாரம் மருத்துவக் கல்லூரியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது நீ அழுதது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. "படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பிணத்தை அறுத்துப் படிக்கிற மேசைமேல் எல்லாம் ஒரே பழுப்பு அம்மா" என்றாய். அன்று கடையில் தீபாவளி ரவிக்கைகள் குவிந்து கிடந்தன, நிதானமாகப் பேச முடியவில்லை.

கனம் என்று நீ விட்டுப்போன நெட்டர் வரைந்த உடற்கூறு அட்லஸை நேற்றிரவு புரட்டினேன். ஓவியம் படித்த பிள்ளையை வீட்டார் டாக்டராக்க, பொருளாதார மந்தத்தில் நோயாளிகளிடம் காசில்லாமல் அவர் தூரிகைக்கே திரும்பினார் என்று நீ சொன்ன கதை நினைவுக்கு வந்தது. (வீட்டாரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.) 1989இல் இந்த அட்லஸ் வந்தபோது அவருக்கு எண்பது தாண்டிவிட்டதாமே!

பினாங்கு ஸ்திரீட்டில் முப்பது வருடமாகத் தைக்கிறேன். 36 அங்குலத்துக்கு அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு அப்படியே பொருந்திய பெண் இன்னும் கடைப்படி ஏறவில்லை. ஒருத்திக்கு வலத்தோள் இறங்கியிருக்கும், இன்னொருத்திக்கு முதுகு கூனியிருக்கும். அட்டை இல்லாவிட்டால் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றே தெரியாது.

விடுமுறையில் என் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னாயே. வலக்கையில் நடுவே கயிறுபோல் எழும்பியது, இடக்கையில் ஒன்றுமில்லை. நான் நரம்பு என்றேன். "தசைநாண் அம்மா, பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்கு இருக்காது, அதனால் குறையுமில்லை" என்று திருத்தினாய். அட்லஸில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அழகான கை. ஆனால் என் இடக்கை அதில் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா, பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது என்று பழைய செய்தித்தாளில் வெட்ட வைத்தார். நீயும் புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து பார். எலும்பு முதலில், பிறகு தசை, அதன்மேல் மற்றவை. வண்ணம் வேண்டாம், வெறும் பென்சில். எது எங்கே புறப்பட்டு எதன் அடியில் நுழைகிறது என்று கோடு சொல்லட்டும். தமனிச் சுவர் தடிப்பு, சிரை தட்டையாக அமுங்கும் என்று நீதானே சொன்னாய்? கண்ணை மூடிக்கொண்டு துணியை விரலால் தடவியே இனம் காண்கிற வீட்டில் பிறந்தவள் நீ.

ஞாயிற்றுக்கிழமை மாமா பட்டர்வொர்த்தில் பஸ் ஏறி கோலாலம்பூர் வருகிறார். அட்லஸோடு ஒரு கட்டு வெள்ளைத்தாளும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கு டப்பா அடியில் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தொடாதே.

அன்புடன்,
அம்மா