குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மேல்நிலைத் தொட்டி சுத்தம், படிக்கட்டு விளக்கு வேலைகள் உரிய காலத்தில் முடிந்தன. இந்த ஆண்டு அதிகம் பேச வேண்டியது, மாதக் கூட்டங்களில் போட்டுக் காட்டிய உணவுக் காணொளிகளைப் பற்றித்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான ஆய்வின்படி, 20 வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நம் நாட்டு நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். நம் வளாகத்திலும் மாத்திரை டப்பா இல்லாத வீடு குறைவு. அதனால்தான் செயற்குழு இதைக் கையில் எடுத்தது.

வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளிகளைப் பலர் திறக்கவே இல்லை. அதையே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்திப் பேசிப் பார்த்தபோது நிலைமை மாறியது. எண்ணெய் பற்றிய காணொளி முடிந்ததும் கணக்குப் போட்டோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்த பல வீடுகளில் இப்போது எண்ணெயைக் கரண்டியால் அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

உப்பில் பிள்ளைகள் நம்மை முந்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. பாக்கெட்டில் உள்ள சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து அவர்களே கணக்குப் போட்டார்கள். அப்புறம் அந்தக் கணக்கு வீட்டு ஊறுகாய், அப்பளம் வரை போனது!

ஓட்ஸும் ப்ரோக்கோலியும் காட்டிய படங்கள் யார் மனதிலும் தங்கவில்லை. கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியல், சுண்டல் காட்டியவை மறுநாளே அடுப்பேறின. இனி நம் சமையலைக் காட்டும் காணொளிகளை மட்டும் தேர்ந்தெடுப்போம் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்கள் வருகை போதவில்லை. பல வீடுகளில் தாளிப்பது சமையல் வேலைக்கு வரும் அக்காக்கள். அவர்களை நாம் அழைக்கவே இல்லை என்று உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டியது மிகச் சரி. வரும் ஆண்டில் அவர்களுக்கு வசதியான பிற்பகலில் ஒரு காட்சி வைக்கவும், நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்